கேரவன் விளக்குகளில் பழுது காணும் முறை



கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். பிரிட்டனில் இந்தப் பெயர் பெரும்பாலும் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீட்டைக் குறிக்கும். அதன் பின்விளக்கு எரியவில்லை என்றால் பின்னால் வருகிறவனுக்கு நாம் பிரேக் போடுவதே தெரியாது. ஆகவே இந்தப் பழுதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

முதல் கேள்வி: எந்தக் கூட்டம்?

கேரவனில் விளக்குகள் இரண்டு கூட்டம். சாலை விளக்குகளுக்குக் காரிலிருந்து மின்சாரம் வருகிறது. உள் விளக்குகளுக்குக் கேரவனின் சொந்த 12 வோல்ட் பேட்டரி. உள் விளக்குகள் எல்லாமே மங்கினால் பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12-ஐ நெருங்கினால் ஏறக்குறைய காலி. ஒரே ஒரு விளக்கு மட்டும் போனால் அதன் பல்பு, ஹோல்டர், ஸ்விட்ச் மூன்றையும் பார்த்தால் போதும்.

ஏழு பின்கள்

சாலை விளக்குகளுக்கான பழைய 7 பின் பிளக்கில் வயர் நிறங்கள்:

1. மஞ்சள் – இடது இண்டிகேட்டர்
2. நீலம் – பின்பக்க ஃபாக் லேம்ப்
3. வெள்ளை – எர்த்
4. பச்சை – வலது இண்டிகேட்டர்
5. பழுப்பு – வலது டெயில் லேம்ப்
6. சிவப்பு – பிரேக் லைட்
7. கறுப்பு – இடது டெயில் லேம்ப்

2008 வாக்கில் அங்கே புதிய கேரவன்கள் 13 பின் பிளக்குக்கு மாறின. அதிலும் சாலை விளக்குகளின் எர்த் 3-ஆம் பின்தான்.

எல்லாப் பழியும் எர்த் மேல்

ஒரு கணக்குப் போடுவோம். பிரேக் லைட் இரண்டு 42 வாட், டெயில் இரண்டு 10 வாட், இண்டிகேட்டர் ஒன்று 21 வாட்; மொத்தம் 73 வாட். 12 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர். போகும் பாதை பல. திரும்பும் பாதை 3-ஆம் பின் ஒன்றுதான். பல்புகளின் கூட்டுத் தடை 144 ÷ 73, அதாவது சுமார் 2 ஓம். எர்த் பின்னில் களிம்பு பிடித்து அரை ஓம் கூடினால் பல்புக்குக் கிடைப்பது 12 × 2 ÷ 2.5 = 9.6 வோல்ட். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4 அடுக்கில் மாறும். ஆக, வோல்ட்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும்!

எர்த் முழுதாக விட்டுப்போனால் வேடிக்கையே வேறு. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப் மினுக்கும். திரும்ப வழியில்லாத மின்னோட்டம் மற்ற பல்புகளின் இழை வழியே பின்னோக்கிப் போய்க் காரின் விளக்குகள் மூலம் எர்த் தேடுகிறது. சில சமயம் இழுவைக் கொக்கியின் இரும்பு வழியே எர்த் கிடைத்து, நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக எரியும். மேடு பள்ளத்தில் ஓடும்போது அணையும்.

"மீட்டர்ல 12 வருதே, ஏன் எரியல?"

லேபில் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். நடுவில் 1000 ஓம் களிம்பு இருந்தாலும் அது 12 வோல்ட்தான் காட்டும். அதே இடத்தில் 7 ஓம் உள்ள 21 வாட் பல்பை மாட்டினால் அதற்குக் கிடைப்பது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே சுமை இல்லாமல் எடுத்த அளவை நம்பி எந்த வயரையும் 'நல்லது' என்று முடிவு செய்யாதீர்கள்.

செய்முறை

அ) காரின் விளக்கும் அதே நேரம் அணைந்திருந்தால் முதலில் கார் ஃப்யூஸ். கார் சரி, கேரவன் மட்டும் இல்லை என்றால் பிளக்.

ஆ) 21 வாட் பல்பில் இரண்டு வயரும் குரோக்கடைல் கிளிப்பும் சேர்த்து டெஸ்ட் லேம்ப் செய்யுங்கள். சாக்கெட்டில் 3-ஆம் பின்னுக்கும் மற்ற பின்னுக்கும் இடையே வைத்தால் அது பிரகாசமாக எரிய வேண்டும்.

இ) விளக்குகளைப் போட்டபடியே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கு ஹோல்டர் எர்த்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டுவிட்டது. நடுவில் உள்ள ஒவ்வொரு இணைப்பாக அளந்து வந்தால் எங்கே என்று தெரியும்.

ஈ) களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, டெர்மினலை இறுக்கி மறுபடியும் அளந்து பாருங்கள்.

எல்.இ.டி விளக்கு மிகக் குறைந்த மின்னோட்டம் எடுப்பதால் கெட்ட எர்த்திலும் எரிந்து நம்மை ஏமாற்றும். சில புதிய கார்கள் பல்பு இருக்கிறதா என்று சோதிக்க அனுப்பும் சிறு துடிப்பாலும் எல்.இ.டி மினுக்கும், அது வயரிங் பழுது அல்ல.

எச்சரிக்கை

ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃப்யூஸோ கம்பியோ போடாதீர்கள். ஃப்யூஸ் காப்பது வயரை. அது உருகாவிட்டால் வயர் உருகும். மரமும் பஞ்சு மெத்தையும் கேஸ் சிலிண்டரும் உள்ள வீட்டில் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 230 வோல்ட் இணைப்பு இருந்தால் முதலில் பிடுங்கிவிட்டே வேலை.

நண்பர்களே, கரும்பு ஏற்றிப் போகும் நம்மூர் டிராக்டர் டிரெய்லருக்கும் இதே பிளக், இதே எர்த் விதிதான். இரவில் பின்விளக்கு இல்லாமல் போகும் டிரெய்லரில் மோதி உயிர் போவதை நாம் அறிவோம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டெஸ்ட் லேம்ப் செய்து எடுத்துப் போங்கள். பக்கத்து வீட்டு டிரெய்லரிலேயே சோதனையைத் தொடங்கலாம்.