ஆட்கள் மாறிவிட்டார்கள், வழக்கம் மாற வேண்டாமா?

திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். முப்பது பேருக்குக் கொஞ்சம் மேலே. எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளில் ஆள் நிர்வாகத்துக்கென்று தனித் துறை கிடையாது. முதலாளி, கணக்கர், சூப்பர்வைசர் ஆகிய மூவர் வாயிலிருந்து வருவதுதான் விதி. அந்த விதிகள் எல்லாம் எப்போதோ, அன்றைக்கு இருந்தவர்களை மனதில் வைத்து உருவானவை. அன்று அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். இன்று பாதி மெஷின்களில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மீதியில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளின் தாய்மார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நடந்த மாற்றம் என்பதால் கண்ணில் படுவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை விதிகளை உட்கார்ந்து பார்த்தே ஆகவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் பார்ப்பது ஏப்ரலில். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி ஏப்ரல் 1-ல் மாறுகிறது. எப்படியும் சம்பளக் கணக்கைத் திருத்தவேண்டும். பலர் இதைத் தீபாவளி நெருக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அப்போது எதைப் பேசினாலும் பேச்சு போனஸில்தான் போய் நிற்கும்.

வருகைப் பதிவேடு, சம்பள நோட்டு, அட்வான்ஸ் நோட்டு, போன வருடம் வேலையை விட்டு நின்றவர்களின் பெயர்கள். பார்ப்பதற்கு இவ்வளவு போதும். இதில் கடைசிப் பட்டியல்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. நிற்கிற அன்றைக்குக் காரணம் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் விசேஷம், உடம்புக்கு முடியவில்லை என்பார்கள். பாக்கியெல்லாம் கைக்குப் போய் ஒரு மாதம் கழித்துப் போன் செய்தால் மனம்விட்டுப் பேசுவார்கள். "கம்பெனி மேல ஒண்ணும் குறையில்லீங்க. மூணே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் விடுது, நான் எட்டரை வரைக்கும் எப்படிங்க இருக்கறது?" என்று ஓர் ஓவர்லாக் டெய்லர் சொன்னார். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவது எங்கள் ஊர் வழக்கம். எல்லோராலும் அது முடியாது. ஒன்பதரைக்கு வந்து மூன்றரைக்குக் கிளம்பும்படி சில மெஷின்களைத் தனியாக ஒதுக்கினேன். பீஸ் ரேட் என்பதால் எனக்குச் சம்பளத்தில் நஷ்டமில்லை. நல்ல கை உள்ள டெய்லர்கள் அதற்காகவே தேடி வந்தார்கள்.

விடுமுறையையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போன பீகார்ப் பிள்ளைகள் சொன்ன தேதிக்கு வருவதில்லை என்று திருப்பூரில் குறைப்படாத முதலாளி இல்லை. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் அவர்களுக்குச் சட் பூஜை. நமக்குப் பொங்கல் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அதையும் சேர்த்தே லீவு கொடுத்து, ரயில் டிக்கெட் போடும் முன்பே திரும்பும் தேதியை எழுதி வாங்கினேன். ஆர்டர் எடுக்கும்போதே அந்த நாட்களைக் கழித்துக்கொள்ள முடிகிறது. இதையெல்லாம் அவர்களிடம் நேரே கேளுங்கள். ஆள் கொண்டுவந்து விட்ட ஏஜென்டை வைத்துக் கேட்காதீர்கள். அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கும். இந்தி தெரிந்த வேறு யாராவது போதும்.

அட்வான்ஸ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பெரிய தொகையைக் கொடுத்து ஆளைப் பிடித்து வைப்பதைத் திறமை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடனைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் நிறுத்துவது கொத்தடிமை முறை. 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்த விஷயம். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அட்வான்ஸ் இல்லை, வட்டி இல்லை, வாரத் தவணையில் பிடித்தம், நோட்டில் இரண்டு கையெழுத்து. வருடா வருடம் அந்த நோட்டைப் புரட்டினால் யார் தொடர்ந்து கடனிலேயே இருக்கிறார் என்று தெரியும். அவரிடம் தனியாகப் பேசவேண்டும்.

சம்பளம் கூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஈ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000 ரூபாய். 20,800 வாங்கும் சூப்பர்வைசருக்கு 500 ரூபாய் கூட்டினால் அவர் குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பு போய்விடும். அதற்காகச் சம்பளத்தை வரம்புக்குள்ளேயே பிடித்து வைப்பது நியாயமில்லை. சந்தா காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடுவில் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை ஈ.எஸ்.ஐ. தொடரும். அதனால் உயர்வை மே மாதத்திலிருந்து கொடுத்து, செப்டம்பருக்குள் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வையுங்கள். பிரீமியத்துக்கும் சேர்த்தே கூட்டுங்கள்.

சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் உள்ளன. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும். வேலையை விட்டு நிற்பவருக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்கவேண்டும். இவை தவிர, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு கட்டாயம். அதன் உறுப்பினர் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. சுவரில் ஒட்டியிருக்கும் குழு உறுப்பினர் பட்டியலில் வேலையை விட்டுப் போனவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை மாற்றினாலும் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது எல்லோரையும் வைத்துச் சொல்லிவிடுங்கள், எந்தத் தேதியிலிருந்து என்பதோடு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். நாலு மணி டீயும் பன்னும் உங்களுக்குச் சின்னச் செலவாகத் தோன்றலாம்; தொழிலாளி அதையும் சம்பளத்தில் சேர்த்தே எண்ணுகிறார். இருக்கும் சலுகையில் கைவைத்தால் புதிதாகக் கொடுத்தது எதுவும் அவர் மனதில் நிற்காது.

வரும் ஏப்ரலில் தொடங்க நினைப்பவர்கள், போன வருடம் உங்களை விட்டுப் போன நல்ல தொழிலாளி ஒருவருக்கு முதலில் போன் போடுங்கள். திரும்ப வரச் சொல்லி அல்ல. ஏன் போனார் என்று கேட்க.