சங்கத்தில் சேரப்போகும் கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

ஓஹியோவுக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பள்ளித் தோழி கூப்பிடுகிறாள், 4-ஹெச் சங்கத்தில் சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். படிப்பு கெட்டுப்போகுமோ என்று அம்மாவுக்குக் கவலை. பின்னாளில் கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவும் என்று அப்பாவுக்குக் கணக்கு. இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வை. அந்தச் சங்கம் எதற்காக உண்டானது என்று தெரிந்துகொண்டால் முடிவை நீயே எடுத்துவிடுவாய். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த மாமாவுக்கு இதில் தனி அக்கறை உண்டு.

அது நீ இருக்கும் மாநிலத்திலேயே வேர்விட்ட சங்கம். ஸ்பிரிங்ஃபீல்டு பகுதியில் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த ஏ. பி. கிரஹாம், 1902 ஜனவரி 15 அன்று கவுண்டி அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுமார் 85 பிள்ளைகளைக் கூட்டினார். விதை மக்காச்சோளம், காய்கறித் தோட்டம், மண் என்று பேச்சு போனது. பிள்ளைகளிடம் லிட்மஸ் தாளும் கொடுக்கப்பட்டது. ஈரமண்ணில் வைத்த நீலத்தாள் சிவந்தால் மண்ணில் அமிலம் இருக்கிறது, சுண்ணாம்பு போட வேண்டும். தகப்பனார் காலமெல்லாம் உழுத நிலத்தைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னது.

பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளை ஏன் பிடித்தார்கள்? வேளாண் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் புதிதாகக் கண்டறிந்ததை அந்தக் காலத்து விவசாயிகள் பலர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நம்மூரிலும் அப்படித்தான். ஜீப்பில் வந்து இறங்குகிற அதிகாரி சொல்வதை விட, பக்கத்து வரப்பில் நின்று கண்ணால் பார்த்த கதிரைத்தான் சம்சாரி நம்புவார். ஆகவே பையன்களிடம் ஆளுக்கு ஒரு ஏக்கரைக் கொடுத்து, புது முறையில் மக்காச்சோளம் போடச் சொன்னார்கள். 1910-இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற பையன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் எடுத்தான். நம் கணக்கில் ஐந்தே முக்கால் டன். அப்போது அமெரிக்காவின் சராசரி ஏக்கருக்கு 30 புஷலைக்கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் சங்கத்தை விளையாட்டு என்று ஒதுக்கியிருக்க முடியாது.

அதே வருஷம், அதே மாநிலத்தின் எய்கன் கவுண்டியில், மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண்பிள்ளைகளுக்காகத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஆளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து சென்ட். நாற்று விடுவது முதல் பழத்தை வேகவைத்து டின்னில் அடைத்து விற்பது வரை அவர்கள் பாடு. முதலாவதாக வருபவளுக்குக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை என்று அறிவித்தார். பத்து சென்டில் விளைந்த பணம் பெண்ணின் கையிலேயே இருந்தது, செலவும் வரவும் அவளே எழுதினாள். மாமாவைக் கேட்டால் மக்காச்சோளத்தை விட இதுதான் பெரிய காரியம்.

1914-இல் ஸ்மித்–லீவர் சட்டம் வந்தது. பல்கலைக்கழகத்தின் அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசின் பணம் கிடைத்தது. ஊருக்கு ஊர் இருந்த சங்கங்கள் அதன் கீழ் வந்தன. 4-ஹெச்சின் நாலு இலைச் சின்னத்தில் உள்ள நாலு ஹெச்சும் தலை, இதயம், கை, உடல்நலம். உங்கள் கவுண்டியிலும் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம் இருக்கும். சேருவதற்கு அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகள் தனிச் சங்கம், தனி அலுவலர், குறைந்த பணம். டஸ்கிகீ கல்வி நிலையத்தில் படித்த தாமஸ் காம்ப்பெல் போன்ற கறுப்பின அலுவலர்கள் அந்தக் குறைந்த வசதியை வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பிரிவினைக்குச் சட்டப்படி முடிவு வந்தது. இன்று உன்னைப் போன்ற பிள்ளை தயங்காமல் விண்ணப்பம் வாங்குவதற்குப் பின்னால் அந்தச் சட்டத்துக்காக நடந்த போராட்டமும் இருக்கிறது.

இனி, உள்ளே என்ன நடக்கும் என்று பார்ப்போம். பெரும்பாலான சங்கங்கள் மாதம் ஒருமுறை கூடும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பிள்ளைகளே. தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, கைதூக்கி வாக்கெடுப்பு நடக்கும். தன்னார்வலர்களான பெரியவர்கள் ஓரமாக இருப்பார்கள். 'எனக்கு ஆங்கில உச்சரிப்பு வராது' என்று பின்வரிசையில் உட்காராதே. செயலாளர் ஆனால் போன கூட்டத்தில் நடந்ததை வாசிக்க வேண்டியிருக்கும். பேச்சுத் தடை விட்டுப்போக அதைவிட நல்ல வழி கிடையாது.

ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு திட்டமாவது எடுத்துச் செய்ய வேண்டும். ஆடு, முயல், கோழி மட்டும் இல்லை. தையல், சமையல், புகைப்படம், ரோபோ எல்லாம் உண்டு. அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பிள்ளையும் சேரலாம். முதல் வருஷம் ஒன்றே ஒன்று போதும், அதுவும் சின்னதாக.

உனக்கு முயல் மேல் ஆசை என்று அம்மா சொன்னாள். அப்படியானால் கையெழுத்துப் போடுமுன் ஒரு விவரத்தைக் கேட்டுக்கொள். கால்நடைத் திட்டங்களில் இறைச்சிக்காக வளர்ப்பது ஒரு வகை, இனவிருத்திக்காக வளர்ப்பது இன்னொரு வகை. முதல் வகை விலங்கு, கவுண்டி கண்காட்சி முடிந்ததும் பெரும்பாலும் ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து வீடு திரும்பாது. மாதக்கணக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, புல் கொடுத்து வளர்த்த ஜீவனை ஏலக்களத்தில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் அழுவது அங்கே வழக்கமான காட்சி. இதில் சரி, தவறு என்று மாமா தீர்ப்புச் சொல்லவில்லை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அதைத் தெரிந்தே செய்கிறார்கள். நீயும் தெரிந்து செய், அவ்வளவுதான்.

கடைசியாக, பதிவேடு. தீவனம் எத்தனை கிலோ, என்ன விலை, எடை எவ்வளவு கூடியது, எந்தத் தேதியில் நோய் கண்டது என்று எழுதி வைக்கும் நோட்டு அது. பல பிள்ளைகள் கண்காட்சிக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவார்கள். நடுவர் பக்கத்தில் நின்று நாலு கேள்வி கேட்டதும் சாயம் வெளுத்துவிடும். நீ அன்றன்றைக்கு எழுது. ஒரு குட்டி செத்துப்போனால் அதையும் எழுது, ஏன் என்று யோசித்ததையும் எழுது. நீல ரிப்பன் வந்தாலும் சரி, வெள்ளை ரிப்பன் வந்தாலும் சரி, அந்த நோட்டு உன்னுடையது.

முதல் கூட்டத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. கட்டணம் எவ்வளவு, சேரக் கடைசி நாள் எது, விலங்கைப் பதிவு செய்யும் தேதி எது என்று மூன்றையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கவுண்டிக்குக் கவுண்டி மாறும். எந்தத் திட்டம் என்று முடிவானதும் மாமாவுக்குத் தெரிவி. முயல் என்றால் கூண்டைப் பற்றி நிறையப் பேச வேண்டும்.

அன்புடன்,
மாமா