பருப்பு வேகாததற்கு உப்பா காரணம்?

பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் பாதையில், கேரளத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் இருக்கிறது மீனாட்சிபுரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த வட்டாரம் இது. 1956 நவம்பர் 1 முதல் கேரளம். கடைப் பலகைகளில் மலையாளம் இருந்தாலும் பல வீடுகளுக்குள் பேச்சு கொங்குத் தமிழ்தான். மழை பெய்கிற சாயங்காலம் அடுப்பில் ஏறுவது அரிசிம்பருப்பு.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் செய்முறை: எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய், தட்டிய பூண்டு, முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடிப் பதத்துக்கு வந்ததும் தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம். ஊறிய அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். குழைந்து இறங்கியதும் மேலே நெய். தொட்டுக்கொள்ள அப்பளம் போதும். காய்ச்சலில் எழுந்தவருக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கும் இதே சோறுதான்.

இந்த ஒரு பாத்திரத்துக்குள் எத்தனை சரக்கு விழுகிறதோ, அத்தனைக்கும் ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலது பாட்டி சொன்னது, சிலது வாட்ஸ்அப் சொன்னது. ஒரு சரக்குக்கு இல்லாத மருத்துவப் பட்டம் கொடுப்போம், இன்னொன்றின் மேல் செய்யாத குற்றத்தைச் சுமத்துவோம்.

“மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையல் எந்தக் காலத்திலும் இல்லை”

இருந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். அதற்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டில், போர்த்துகீசியர் வழியாகத்தான் அது நம் கரைக்கு வந்தது. தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். கொத்தமல்லியும் சீரகமும் அவற்றுக்கு வெகு காலம் முன்பே மேற்கு ஆசியா, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்து சேர்ந்தவை. இங்கேயே பிறந்தவை மிளகும் ஏலமும். மீனாட்சிபுரத்துக்குத் தெற்கே ஆனைமலை தொடங்கி இடுக்கி வரை நீளும் மலைகளில் இன்றும் அவைதான் காசுப் பயிர். ‘பாரம்பரியச் சமையல்’ என்று பெருமை பேசும்போது, நம் பாட்டனாருக்குப் பாட்டனார் காரத்துக்கு மிளகைத்தான் நம்பினார் என்பதையும் சேர்த்துப் பேசலாம்.

“காரமெல்லாம் விதையில், காரம் தின்றால் வயிற்றில் புண்”

மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பு தெரியும். கேப்சைசின் என்ற காரப்பொருள் உற்பத்தியாவது அந்த நரம்பில்தான். பக்கத்தில் இருப்பதால் விதை மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. குழந்தைகளுக்குச் சமைப்பவர்கள் விதையை மட்டும் உதறிவிட்டு நரம்பை விட்டுவிட்டால் பலன் பாதிதான்.

உறைத்தால் சொம்புத் தண்ணீரைக் குடிப்பதும் வீண் வேலை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கார விருந்தின் முடிவில் மோர் சாதம் வைத்தவர்களுக்கு இந்த வேதியியல் தெரியாது, விளைவு தெரிந்திருந்தது. இன்னொரு விஷயம்: மிளகாய் நாக்கைச் சுடுவதில்லை, சுடுகிற மாதிரி நரம்புக்குச் சேதி அனுப்புகிறது. வெந்நீர் பட்டால் எந்த ஏற்பி விழித்துக்கொள்கிறதோ, அதே ஏற்பியைத்தான் கேப்சைசினும் தட்டி எழுப்புகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்றுப் புண் பழிதான் பெரிய பழி. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இந்தக் கிருமியும், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கேட்பாரற்று விழுங்கும் சில வலி மாத்திரைகளும்தான். ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ இருப்பவருக்குக் காரம் எரிச்சலைக் கூட்டலாம். அவர் குறைத்துக்கொள்வது நியாயம். ஆனால் மாதக்கணக்கில் வயிறு வலித்தும் “காரம் தின்றேன், அதான்” என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்கள் உண்டே, அவர்களுக்குத்தான் இந்த நம்பிக்கை உண்மையான கெடுதல்.

“பெருங்காயம் நம்ம மண்ணுச் சரக்கு, சுத்தமான பிசின்”

இரண்டுமே தவறு. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கத்துக் குளிர்ப் பாலைகளில் வளரும் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால்தான் பெருங்காயம். நாம் ஆண்டாண்டாய் இறக்குமதி செய்கிறோம். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், சி.எஸ்.ஐ.ஆரின் பாலம்பூர் ஆய்வு நிறுவனம் முதல் நாற்றை நட்டதே 2020 அக்டோபர் 15இல்தான். அடுத்து, டப்பாவில் வருவது ‘கூட்டுப் பெருங்காயம்’. மூலப் பிசினின் நெடி தாங்காது என்பதால் கோந்தும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்துதான் விற்கிறார்கள். இது கலப்படம் ஆகாது, சட்டம் அனுமதித்த கலவை. ஆனால் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளி வீட்டில் இருந்தால், ரசத்துக்குப் போடும் அந்தச் சிட்டிகையும் கணக்கில் வரும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும்.

“மஞ்சள் போட்டால் நோய் அண்டாது, பளிச்சென்று இருப்பதே நல்ல மஞ்சள்”

மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வு. குர்குமினோடு மிளகின் பிப்பரினையும் சேர்த்துக் கொடுத்தால் உடல் உறிஞ்சும் அளவு 2000 சதவீதம் கூடுகிறது என்றது அது. ‘மஞ்சளும் மிளகும் சேர்த்த முன்னோர் ஞானம்’ என்று சுற்றும் செய்திகளுக்கு மூலம் இதுதான். அதில் சொல்லாமல் விடுவது, கொடுத்த குர்குமினின் அளவு 2 கிராம் என்பதை. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். 2 கிராம் வேண்டுமென்றால் ஒரே வேளையில் சுமார் 65 கிராம் மஞ்சள்தூளைத் தின்ன வேண்டும். அரிசிம்பருப்பில் போடுவது அரை ஸ்பூன். அந்த ஆய்விலேயே, தனியாகக் கொடுத்த குர்குமின் ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கோ மிகக் குறைவாகவோதான் சேர்ந்தது. ஆகவே மஞ்சளை நிறத்துக்கும் மணத்துக்கும் போடுங்கள். சர்க்கரைக்கும் புற்றுக்கும் மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்பாதீர்கள்.

பளிச்சிடும் நிறம் சந்தேகத்துக்குரியது. சில நாடுகளில் மஞ்சள் கிழங்கைப் பளபளப்பாக்க லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைப் பூசுகிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வங்கதேசச் சந்தைகளில் 2019இல் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் இது இருந்தது. அரசு செய்தி பரப்பி, ஆலைகளில் சோதனை நடத்தி, அபராதம் போட்டது. 2021இல் ஒரு மாதிரியில்கூட இல்லை. மீனாட்சிபுரத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைச் சோதிக்கக் கேரளப் பால்வளத் துறை சாவடி வைத்திருக்கிறது. மஞ்சள்தூளுக்கு அப்படி ஒரு சாவடி நம் வீட்டு வாசலில் கிடையாது. விரலி மஞ்சளாக வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்வது ஓரளவு காப்பு. அதிலும் வழக்கத்துக்கு மீறிப் பளபளக்கும் கிழங்கை ஒதுக்கிவிடலாம்.

“அம்மியில் அரைத்தால்தான் ருசி”

இது பாதி உண்மை. பாலக்காட்டு அரைத்துவிட்ட சாம்பாருக்குத் தனியா, வெந்தயம், மிளகாய், தேங்காய்த் துருவல் ஆகியவற்றை எண்ணெயில் சிவக்க வறுத்து அப்போதே அரைப்பார்கள். மணத்துக்குக் காரணம் அந்த ‘அப்போதே’தான். மல்லியின் மணம் காற்றில் பறக்கும் எண்ணெயில் இருக்கிறது. பொடித்த நிமிஷத்திலிருந்து அது கிளம்பத் தொடங்கும். அம்மி மெதுவாக நசுக்குவதால் சூடேறாது. மிக்ஸி சூடேறி மணத்தில் கொஞ்சத்தை விரட்டும். விட்டுவிட்டு ஓட்டினால் வித்தியாசம் பெரிதில்லை. ஆறு மாதத்துப் பொடியை அம்மியில் இன்னொரு முறை இழுத்தாலும் போன மணம் வராது. வெந்தயம் மட்டும் கறுகிவிடக் கூடாது, ஒரு நொடி தாண்டினாலும் குழம்பு முழுக்கக் கசப்புதான்.

“கொள்ளு கொழுப்பைக் கரைக்கும்”

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வைத்துக்கொண்டு இப்போது கொள்ளுப் பொடி வியாபாரமே நடக்கிறது. கொள்ளில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம், நார்ச்சத்தும் உண்டு. வயிறு நிறையும், அடுத்த வேளைக்குச் சோறு குறையும். கரைப்பது அந்தக் குறைவுதான். கொள்ளுப் பருப்பு கடைந்து, அதன் மேல் நான்கு கரண்டி நெய்ச்சோறு தின்றால் எதுவும் கரையாது.

“கறிவேப்பிலையில்தான் விஷம், தூக்கிப் போடு”

எல்லையின் இரு பக்கமும் 2015இல் இது பெரிய தகராறாகவே ஆனது. தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் என்றது கேரளம், இல்லை என்றது தமிழ்நாடு. வெள்ளாயணியில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் சந்தையில் எடுத்துச் சோதித்த மாதிரிகளில் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லித் தழை ஆகியவை திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டன. எனவே பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அதற்குப் பரிகாரம் இலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதல்ல. அது எண்ணெயில் பொரிந்தபோதே உள்ளதெல்லாம் குழம்பில் இறங்கியிருக்கும். அதே பல்கலைக்கழகம் சொல்லும் வழி, சமைப்பதற்கு முன் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுவது. முழுதாகப் போகாது, குறையும். இடம் இருப்பவர்கள் ஒரு செடி வைத்துக்கொள்ளலாம்.

“உப்பை முன்னாலயே போட்டா பருப்பு வேகாதுங்க”

கொங்குச் சமையலறையில் மருமகளுக்குச் சொல்லப்படும் முதல் விதி இதுவாகத்தான் இருக்கும். உண்மை நேர்மாறு. பருப்பின் செல்களை ஒட்டவைப்பது பெக்டின். அந்த ஒட்டுக்கு இறுக்கம் தருவது கால்சியம், மெக்னீசியம். உப்பில் உள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடித்து இறுக்கத்தைத் தளர்த்தும். கொண்டைக்கடலையை லேசான உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள், தோல்கூட மெத்தென்று வேகும். உண்மையில் வேகவிடாமல் தடுப்பவை வேறு. புளி ஒன்று: பருப்பு குழையும் முன் புளியோ நிறையத் தக்காளியோ விழுந்தால் பெக்டின் இளகாது. குக்கரில் இது அவ்வளவாகத் தெரியாது, திறந்த பாத்திரத்தில் நன்றாகத் தெரியும். இரண்டாவது, வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்த பழைய பருப்பு. மூன்றாவது தண்ணீர்.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி, கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் கேரளம் கிடையாது. மழை குறைந்த, வறண்ட பூமி. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. 2000இல் அங்கே கோககோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிணறுகள் வற்றுகின்றன, மிச்சத் தண்ணீர் கடினமாகிச் சமையலுக்கே ஆகவில்லை என்று சுற்றியிருந்த மக்கள் புகார் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22இல் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர்களில் ஒருவர் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நீரியல் நிபுணர் வருவதற்கு முன்பே தண்ணீர் மாறியதைச் சமையல் செய்கிறவர்கள் உணர்ந்துவிடுவார்கள். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும், பருப்பு விசில் மேல் விசில் கேட்கும். அப்போதும் மருமகள் போட்ட உப்பின் மேல் பழியைப் போட்டால் கிணற்றைப் பார்க்கத் தோன்றுமா?

கடினத் தண்ணீர்க்காரர்கள் சோடா உப்பைப் போட்டுச் சமாளிப்பதும் உண்டு. பருப்பு வேகும், கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும். கொதிக்கவைத்து, ஆறி, படிந்ததை விட்டு மேலாக இறுத்துக்கொண்டால் கடினத்தில் ஒரு பகுதி குறையும். மழைநீர் பிடித்துவைத்தால் பருப்புக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கில் குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. ஆழ்குழாய்த் தண்ணீரில் சமைப்பவர்கள் அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்து, தங்கள் வீட்டுத் தண்ணீரின் எண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.