ஒளியை முந்த முடியுமா?

ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. எந்தப் பொருளும் இவ்வேகத்தை விஞ்ச முடியாது என்பது, 1905-இல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சார்புக் கொள்கையின் முடிவு. ஆனால் 1971-இல் வானியல் அறிஞர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்த வானொலித் தொலைநோக்கிகளை இணைத்து, 3சி 279 என்னும் குவாசாரை ஆராய்ந்தனர். அதில் கதிர்வீசும் பகுதிகள் ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் விலகிச் செல்வதாகத் தோன்றின!

குவாசார் என்பது மிகத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான மையம். அங்குள்ள மாபெரும் கருந்துளையின் அருகிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் தாரையாகப் பீறிட்டு, வானொலி அலைகளை வீசுகின்றன.

அப்படியானால் ஐன்ஸ்டீன் கூறியது பொய்யா? இல்லை. இப்படியொரு தோற்றம் ஏற்படக்கூடும் என்று மார்ட்டின் ரீஸ் என்ற அறிஞர் 1966-லேயே கணக்கிட்டுக் கூறியிருந்தார். அக்கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமா?

மையத்திலிருந்து ஒரு திரள், ஒளியைவிடச் சற்றே குறைந்த வேகத்தில், சாய்வாக 5 ஒளியாண்டு தூரம் செல்வதாகக் கொள்வோம். அதில் நம்மை நோக்கி வந்தது 4 ஒளியாண்டு; பக்கவாட்டில் நகர்ந்தது 3 ஒளியாண்டு. பிதாகரஸ் தேற்றத்தில் நாம் கற்ற செங்கோண முக்கோணம் அன்றோ இது! இப்பயணத்திற்கு 5 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகும். புறப்பட்டபோது வீசிய ஒளி, அதற்குள் 5 ஒளியாண்டுக்குச் சற்று அதிகமாக நம்மை நெருங்கிவிடும். திரளோ 4 ஒளியாண்டு மட்டுமே நெருங்கியிருக்கும். அங்கிருந்து அது வீசும் ஒளி, முதல் ஒளிக்குப் பின் ஓராண்டும் சில நாட்களும் கழித்து நம்மை வந்தடையும். ஆகவே 3 ஒளியாண்டு தூரத்தைத் திரள் சுமார் ஓராண்டில் கடந்ததாக நமக்குத் தெரிகிறது. ஒளியைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு வேகம்! உண்மையில் அது ஒளியை முந்தவேயில்லை.

1994-இல் நமது பால்வீதியிலேயே, ஜிஆர்எஸ் 1915+105 என்ற பொருளில் இத்தகைய தோற்றத்தை மிராபெல், ரோட்ரிகஸ் ஆகியோர் கண்டறிந்தனர். சுமார் 5½ கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள எம் 87 மண்டலத்தின் தாரையில், ஒளியைப்போல் 6 மடங்கு வேகத் தோற்றத்தை ஹபிள் தொலைநோக்கி 1990-களில் காட்டியது.

கண்டதை மட்டும் நம்பியிருந்தால், நல்லதொரு விதியைக் கைவிட்டிருப்போம். விதியை மட்டும் நம்பியிருந்தால், கண்டதைப் பிழையென்று தள்ளியிருப்போம். அறிஞர்கள் இரண்டையும் செய்யவில்லை, "இவ்வொளி எப்போது புறப்பட்டது?" என்று கேட்டனர். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் முதுமொழி விண்வெளிக்கும் பொருந்துகிறதல்லவா?