ரோபோ ஓடினால் மட்டும் கோப்பை வருமா?

2004ஆம் ஆண்டு கோடையில், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் நீருக்கடி ரோபோக்களுக்கான ‘மேட்’ போட்டி நடந்தது. பாலைவன நகரமான ஃபீனிக்ஸிலிருந்து வந்த கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வர், துணிந்து கல்லூரிகளுக்கான பிரிவில் பெயர் கொடுத்திருந்தார்கள். பி.வி.சி. குழாய்களை ஒட்டிச் செய்த அவர்களுடைய ரோபோவுக்கு, பசை நாற்றத்தை வைத்து ‘ஸ்டிங்கி’ என்று பெயர். செலவு சுமார் 800 டாலர். நீச்சல்குளத்தில் அது பெற்றது மூன்றாவது இடம்தான், எம்.ஐ.டி. அணி அதற்கு மேலே இருந்தது. ஆனால் குளத்து மதிப்பெண்ணோடு தொழில்நுட்ப அறிக்கைக்கும் நேர்காணலுக்கும் மதிப்பெண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டியபோது எம்.ஐ.டி.யைத் தாண்டி முதலிடம் பிடித்தது அந்தப் பள்ளி.

பள்ளி மாணவர்களின் ரோபோ போட்டிகளில் புதிதாக இறங்கும் அணிகள் பெரும்பாலும் கவனிக்காத கணக்கு இது. பருவம் முழுவதும் சக்கரத்தோடும் மோட்டாரோடும் போராடிவிட்டு, நடுவர் அறைக்கான பேச்சைக் கடைசி வாரத்தில் தயார் செய்வார்கள். உலகெங்கும் பரவியுள்ள ‘ஃபர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்ச்’ போட்டியை எடுத்துக்கொண்டால், சாம்பியன் விருதுக்கு நான்கு பகுதிகள் சரிபங்காக எண்ணப்படுகின்றன: மேசையில் ரோபோ எடுக்கும் புள்ளி, ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அணியின் பண்புகள். ரோபோவின் ஓட்டம் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கில் பெரும்பகுதி முப்பது நிமிட நேர்காணல் ஒன்றில் முடிவாகிறது. அந்த அரை மணி நேரத்துக்கு எப்படித் தயாராவது என்பதை, 2024–25ஆம் ஆண்டின் ‘சப்மெர்ஜ்ட்’ பருவ முறையை வைத்துப் பார்க்கலாம்.

முதல் வேலை, லெகோ பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே மதிப்பீட்டுத் தாளைப் படிப்பது. அது ரகசியமல்ல, பருவத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் கிடைக்கிறது. பிரச்சினையைக் கண்டறிதல், திட்டமிடல், உருவாக்கல், சோதித்துத் திருத்தல், எடுத்துச் சொல்லல் என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். இதில் 3 என்பதே நல்ல வேலைக்கான அடையாளம். 4 கொடுக்கும் நடுவர், அணி எந்த விதத்தில் எதிர்பார்ப்பை மிஞ்சியது என்று தன் கையால் எழுத வேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை மாணவர்களே அந்தத் தாளில் தங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்வது நல்லது. ‘இந்த வரிக்கு நாம் எதைக் காட்டப்போகிறோம்?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடங்கள் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பதிவேடு. நடுவர்கள் அதிகம் தோண்டுவது ‘சோதித்துத் திருத்தல்’ என்ற தலைப்பில்தான். அணிகள் அதிகம் கோட்டை விடுவதும் அங்கேதான். “நிறைய தடவை டெஸ்ட் பண்ணினோம்” என்ற பதிலுக்கு யாரும் 4 போடமாட்டார்கள். ஒரு சாதாரண நோட்டில் தேதி போட்டு, எந்த மிஷன் (மேசையில் ரோபோ முடிக்க வேண்டிய பணி), பத்து ஓட்டத்தில் எத்தனை சரியாக வந்தது, எது தவறியது, எதை மாற்றினார்கள், மாற்றிய பின் எத்தனை என்று எழுதிவந்தால் போதும். உதாரணமாக, ஓர் அணியில் திரும்பும்போது ரோபோ கொஞ்சம் கொஞ்சமாகக் கோணுகிறது. ஜைரோ சென்சரை மட்டும் நம்பாமல் சுவரில் முதுகை ஒட்டி நேராக்கிவிட்டுக் கிளம்பச் செய்தார்கள். பத்தில் ஐந்து என்பது ஒன்பதானது. நடுவருக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஒரு கதை. கழற்றி வைத்த பழைய இணைப்புக் கருவிகளை, அந்த ‘அட்டாச்மென்ட்’களை, தூக்கியெறியாமல் அறைக்குக் கொண்டுவரும் அணி கெட்டிக்கார அணி. தோற்றுப்போன முதல் வடிவம் கையில் இருந்தால் விளக்கம் பாதியாகக் குறையும்.

மூன்றாவது, புத்தாக்கத் திட்டம். சப்மெர்ஜ்ட் பருவத்தில் கடலை ஆராய்வோர் சந்திக்கும் பிரச்சினை ஒன்றுக்குத் தீர்வு காண வேண்டியிருந்தது. கருப்பொருள் பெரிதாக இருக்கும்போது பிரச்சினையையும் பெரிதாக எடுத்துக்கொண்டு திணறுவது வழக்கம். எதிர்த்திசையில் போனவர்களுக்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் அயோவா மாநிலம் ஏம்ஸ் நகரைச் சேர்ந்த ‘ஃப்ளையிங் மங்கீஸ்’ என்ற சிறுமியர் அணி. மருத்துவப் பொறியியல் கருப்பொருளாக இருந்த பருவத்தில், விரல்கள் இல்லாமல் பிறந்த ஒரு குழந்தை பென்சில் பிடித்து எழுத உதவும் சின்னக் கருவியைச் செய்தார்கள். 2011இல் முதன்முறையாக வழங்கப்பட்ட உலகப் புத்தாக்க விருதும் 20,000 டாலரும் அவர்களுக்குக் கிடைத்தன. கருவி எளியதுதான். ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. யோசனையைப் பிறரிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்களா, கேட்டதை வைத்து எதை மாற்றினார்கள் என்பதும் மதிப்பீட்டுத் தாளில் உள்ள வரிகளே. அதனால் துறை தெரிந்த ஒருவரைச் சந்தித்தால் மட்டும் போதாது. அவர் சொன்னபின் வரைபடத்தில் எந்தக் கோடு மாறியது என்று காட்ட வேண்டும்.

நான்காவது, ஒத்திகை. திட்டத்துக்கு ஐந்து நிமிடம், அதன்மீது கேள்விக்கு ஐந்து. ரோபோவுக்கு ஐந்து, கேள்விக்கு ஐந்து. மிச்ச நேரம் அணியின் பண்புகள் பற்றிய உரையாடலுக்கும் முடிவுரைக்கும். நாடகம்போல மனப்பாடம் செய்த அணி, முதல் ஐந்து நிமிடம் ஜொலித்துவிட்டுக் கேள்வி வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். பேச்சைவிடக் கேள்வி நேரத்துக்கே அதிகம் பழக வேண்டும். ரோபோ பற்றி ஒன்றும் தெரியாத பக்கத்து வீட்டு மெக்கானிக்கையோ வரலாற்று ஆசிரியரையோ நடுவராக உட்காரவைக்கலாம். “ஏன் இவ்வளவு பெரிய சக்கரம்?”, “இந்த யோசனை முதலில் யாருடையது?”, “ஒத்துப்போகாதபோது எப்படி முடிவெடுத்தீர்கள்?” என்று அவர்கள் கேட்பதுதான் அசல் நடுவரும் கேட்பது. புரோகிராம் எழுதாத மாணவரிடமும் ஒரு நிரலைக் காட்டி விளக்கச் சொல்லிப் பழக்குவது நல்லது. அறைக்குள் பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது. பெரியவர்கள் செய்துகொடுத்த ரோபோ என்றால் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளுத்துவிடும்.

இன்னொன்று. விருது முடிவாகும் அறையில், ஓர் அணியை நேரில் பார்க்காத நடுவர்களும் இருப்பார்கள். பார்த்தவர்தான் அவர்களிடம் அந்த அணிக்காகப் பேச வேண்டும். அவர் நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை மாணவர்கள் விட்டுவிட்டு வர வேண்டும்.

பண்புகளுக்குத் தனி ஒத்திகை வேண்டாம். அதற்கென்று தனித் தாளும் கிடையாது. ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம் ஆகிய இரண்டுக்கும் உள்ள மதிப்பீட்டுத் தாள்களில் குறியிட்ட வரிகளிலிருந்தே அந்த மதிப்பெண் வருகிறது. கூடவே, ஒவ்வொரு ஆட்டத்திலும் ரெஃப்ரி 2, 3 அல்லது 4 என்று ஒரு மதிப்பெண் போடுகிறார். இரண்டரை நிமிட ஆட்டத்தில் ரோபோ மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் ஒருவர்மீது ஒருவர் பாய்கிறார்களா என்பது அவர் கண்ணில் படும். மூன்று ஆட்டங்களில் மிக உயர்ந்த புள்ளி மட்டுமே கணக்கில் சேர்வதால், ஓர் ஆட்டம் கெட்டதற்காக அழுது சண்டை பிடிப்பது இரட்டை நஷ்டம்.

வேறு போட்டிக்குப் போகிறவர்கள் இதே தாளைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது. உலக ரோபோ ஒலிம்பியாடின் ரோபோமிஷன் பிரிவில் எடை முழுவதும் ஓட்டத்தின்மீதுதான். அன்று காலை அறிவிக்கப்படும் திடீர் விதிக்கு ஈடுகொடுக்கும் பயிற்சி அங்கே முக்கியம். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் அட்டை நீங்கலாக 15 பக்கத்துக்கு மிகாத பொறியியல் தொகுப்பு நடுவர் கைக்குப் போகிறது.

லெகோ லீகில் ரோபோ ஆட்டத்துக்கான விருதைத் தவிர, பொதுவாக ஓர் அணிக்கு ஒரு விருதுதான். வடிவமைப்பில் முதலிடம் வந்த அணி சாம்பியன் ஆகிவிட்டால், வடிவமைப்பு விருது அடுத்த அணிக்குப் போகும். இது தெரியாமல் ‘நமக்கு ஏன் அது வரவில்லை’ என்று நடுவரிடம் மல்லுக்கு நிற்கும் பெற்றோர் உண்டு. அதைவிடப் பயனுள்ள வேலை, போட்டி முடிந்ததும் அணிக்குத் திரும்பவரும் மதிப்பீட்டுத் தாள்களை வாங்கி வைத்துக்கொள்வது. மறுவாரமே மாணவர்கள் கூடி, தாங்கள் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணும் நடுவர் போட்டதும் எந்த வரியில் அதிகம் விலகுகின்றன என்று பார்க்கலாம். அடுத்த பருவத்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய வரி அதுதான்.