சீட்டும் பசையும்

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ்நாட்டுக் கடற்கரையூர்களில் அடைமழைக் காலம். வடகிழக்குப் பருவக்காற்று கொணரும் அம்மழையின் ஈரம் நீங்குமுன்னரே டிசம்பர் மாதத்தில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். தேர்வின் முன்னாள் மேசைதோறும் எண் சீட்டு ஒட்டுவர். மறுநாட் காலையிலோ சில சீட்டுகள் ஓரம் சுருண்டு நிற்கும். சில தரையிற் கிடக்கும். விழுந்த சீட்டினை எவரேனும் எடுத்து அயல் மேசையில் வைத்துவிட்டால், ஓரிடத்திற்கு இருவர் உரிமை கொண்டாடுவர். விடையெழுத வேண்டிய நேரம் இடம் தேடுவதிற் கழியும். சிறு தாள்தானே என்று இதனை இகழ்தல் ஆகாது.

சீட்டு விழுவதன் காரணம் யாது? 'பசை' என்னும் சொல்லையே முதலில் நோக்குவோம். அஃது ஒட்டும் பொருளையும் குறிக்கும், ஈரத்தையும் குறிக்கும். 'ஈரப்பசை' என்று நாம் வழங்குகின்றோம் அன்றோ? ஒட்டுதற்கு ஈரம் வேண்டும் என்பதை இச்சொல் நினைவூட்டுகின்றது. மாவை நீரிற் கரைத்துக் காய்ச்சும்போது அதன் நுண்மணிகள் நீரை உண்டு பருத்துக் கூழாகின்றன. அக்கூழ் தாளின் இழைகளிலும் மரத்தின் நுண்துளைகளிலும் புகுவதற்கு நீரே துணை. ஆயினும், புகுந்தபின் அந்நீர் நீங்கினால்தான் கூழ் இறுகிப் பிடிக்கும்.

வறண்ட காற்று நீரை விரைந்து ஏற்கும். முன்னரே நீராவி நிறைந்த காற்றோ மெல்லவே ஏற்கும். ஆதலின் மழைக்காலத்தில் பசை எளிதில் உலர்வதில்லை. அதிற் பூஞ்சணம் பூக்கும். உலர்ந்த பசையும் ஈரத்தால் மீண்டும் இளகும். தாளும் ஈரம் பட விரிந்து, உலரச் சுருங்கும். நாடோறும் இவ்வாறு நிகழ்வதால் ஓரங்கள் முதலில் விடுபடுகின்றன. மேசைமீது கையின் எண்ணெயும் தூசியும் படிந்திருப்பின், பசை மேசையைப் பற்றாது அழுக்கையே பற்றும். அழுக்குப் பெயரும்போது சீட்டும் பெயரும்.

இனி, செய்யத்தக்கவற்றைக் காண்போம். மேசையைச் சோப்பு நீர் தோய்ந்த துணியால் துடைத்து நன்கு உலர விடுக. மரம் மிக வழவழப்பாயின், ஆசிரியர் இசைவுடன் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். ஒரு பங்கு மைதா மாவுக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்துக் கட்டியின்றிக் காய்ச்சி ஆற்றுக. சீட்டின் பின்புறத்தில் ஓரம் வரை மெல்லிதாகத் தடவி, தாள் விரிந்து அடங்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்து ஒட்டுக. நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தினால் காற்று வெளியேறும். பசையை மிகுத்தால் பிடிப்பு மிகும் என்பது பிழை. மிகுந்த பசைக்கு உலர மிகுந்த காலம் வேண்டும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னரே ஒட்டி, சன்னல்களைத் திறந்து வைத்தல் நன்று.

புத்தகம் கட்டுவோர் பூச்சியும் பூஞ்சணமும் அணுகாதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சாதலின் மாணவர் அதனைத் தொடலாகாது. பசை பூசியே கடைகளில் விற்கும் சீட்டுகளுக்கு நீர் வேண்டுவதில்லை. ஆயினும் தூய்மையும் உலர்ந்த பரப்பும் அவற்றிற்கும் வேண்டும்.

தேர்வு நாளன்று கலக்கத்தோடு வரும் மாணவன் தன் எண்ணைக் கண்டு அமைதியாக அமர்வானாயின், அவ்வமைதி மேசையை முன்னரே துடைத்து உலர்த்திய கை அளித்ததாகும்.