பாலின் எடையும் கிளஸ்டரின் கணக்கும்

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் ஸ்டோருக்கு வந்த பாலை எடைபோட்டதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. மரப்பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். மெட்ரோலாக் என்னும் கருவியை வைத்துப் பார்த்துக் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணித்தார்கள். பல துறையினர் பங்கிட்டுக்கொள்ளும் கணினிக் கிளஸ்டருக்கும் இதே கணக்குத் தேவை: கேட்டது எவ்வளவு, உண்மையில் பயன்பட்டது எவ்வளவு. அதே பேராக்கில், ஈப்போவுக்குத் தெற்கே கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஸ்ரீ இஸ்கண்டாரின் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயர்திறன் கணிமைக்கென்றே ஆய்வு மையமும் உண்டு. இத்தகைய வளாகங்களில் பொதுக் கிளஸ்டர் நடத்துவோருக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: தேவைக்கு மேல் கோரும் மெமரியும் நேரமும் கேட்பவர்களில் பெரும்பாலோர் பேராசைக்காரர்கள் அல்லர், தங்கள் நிரல் எவ்வளவு எடுக்கும் என்று தெரியாமல், ஜாப் பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்து கேட்கிறார்கள். அந்தப் பயத்தை அறிவுரை போக்காது, அளவுதான் போக்கும்.

ஆகவே முதலில் அளந்து காட்டுங்கள். ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருள் ஓடும் கிளஸ்டரில் முடிந்த ஜாப் எண்ணைக் கொடுத்து ‘செஃப்’ கட்டளையை ஓட்டினால், கேட்ட கோரிலும் மெமரியிலும் எத்தனை சதவீதம் பயன்பட்டது என்று தெரியும். அதை ஒவ்வொரு ஜாப்பின் முடிவு மின்னஞ்சலிலும் சேர்த்து, பயன்படுத்தியவருக்கு மட்டும் அனுப்புங்கள். எல்லார் பெயரையும் பட்டியல் போட்டு ஒட்டுவது வேண்டாம். அவமானப்பட்டவர் கேள்வி கேட்க வரமாட்டார். மெமரியிலிருந்து தொடங்குவது நல்லது, இழப்பு அங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் பெருகுகிறது. 64 கோரும் 256 ஜிபி மெமரியும் உள்ள ஒரு நோடில் ஒருவர் ஒரே கோருக்கு 200 ஜிபி கேட்டு, 6 ஜிபி மட்டும் பயன்படுத்தினால், மீதி 63 கோர்களுக்கு எஞ்சுவது 56 ஜிபிதான். கோருக்கு 4 ஜிபி தேவைப்படும் வேலைகள் வரிசையில் நின்றால், பதினான்கு கோருக்கு மேல் ஓடாது.

பணிவாகக் கேட்டாலே போதாதா என்பவர்களுக்கு ஒரு சான்று உண்டு. 2004இல் வெளிவந்த ஆய்வொன்றில், சான் டியேகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தின் பயனர்களிடம் ஜாப்பை நிறுத்த மாட்டோம் என்று உறுதி சொல்லி, ஓடும் நேரத்தைத் துல்லியமாக மதிப்பிடச் சொன்னார்கள். சிலர் திருத்திக்கொண்டார்கள், ஆனால் மொத்தத்தில் துல்லியம் பெரிதாக உயரவில்லை.

அளவு தெரிந்தபின் அதைப் பயன்படுத்தும் வழியைச் சொல்லிக்கொடுங்கள். நூறு ஜாப்களை ஒன்றாக அனுப்புமுன் ஒன்றை மட்டும் ஓட்டி, உச்ச மெமரியைப் பார்த்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வைக்கலாம். எதையும் குறிப்பிடாதவருக்குத் தானாகக் கிடைக்கும் அளவைச் சிறிதாக்குங்கள்: ஒரு மணி நேரம், கோருக்கு 4 ஜிபி. பெரிய ஜாப்பொன்று இடத்துக்குக் காத்திருக்கும்போது, அதைத் தாமதப்படுத்தாத சிறிய ஜாப்களை இடையில் நுழைக்கும் ‘பேக்ஃபில்’ முறையை ஸ்லர்ம் கையாள்கிறது. குறைந்த நேரம் கேட்டவர் சீக்கிரம் தொடங்குவார் என்பதை விளக்கிவிட்டால் அடக்கமாகக் கேட்பது அவரவர் லாபமாகிறது. அதோடு, முன்னுரிமைக் கணக்கில் கோரை மட்டுமன்றி மெமரியையும் ஜிபியூவையும் சேருங்கள். நோட்புக்கைத் திறந்து ஜிபியூவைப் பிடித்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகும் பழக்கத்துக்குத் தனி நேர வரம்பு வேண்டும்.

மூன்று நாள் ஓடிய ஜாப் கடைசி மணியில் அறுபட்டால் இழப்பு யாருக்கு என்று கேட்பது நியாயம். ஸ்லர்மில் பயனர் தம் நேர வரம்பைக் குறைக்கலாம், கூட்ட முடியாது, நிர்வாகியால் முடியும். ஆகவே நீட்டிப்பு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், இடைநிலையைச் சேமித்து மீண்டும் தொடங்கும் முறையையும் கற்றுக்கொடுங்கள். செஃப் காட்டுவதே முழு உண்மையா என்ற கேள்வியும் சரிதான். ஸ்லர்ம் வழக்கமாக 30 நொடிக்கு ஒரு முறைதான் மெமரியைப் பார்க்கிறது. நொடி நேரத்தில் எழுந்து அடங்கும் உச்சம் அதன் கண்ணில் படாமல் போகலாம். அதற்காகத்தான் அந்த ஐந்தில் ஒரு பங்கு. நூறு சதவீதத்தைக் குறிக்கோளாக வைக்காதீர்கள்: மோசமாக எழுதிய நிரலும் கோரை முழுதாகச் சுழலவைக்கும். இரவில் சும்மா கிடக்கும் இயந்திரம்தானே என்பதை மட்டும் ஏற்க முடியாது, பிடித்துவைத்த நோடு சும்மா இருந்தாலும் மின்சாரம் குடித்துக்கொண்டேயிருக்கும்.

இந்த வாரமே, போன மாதம் முடிந்த ஜாப்களில் மெமரி அதிகம் கேட்ட ஐம்பதை எடுத்து செஃப் ஓட்டிப் பாருங்கள். பத்து சதவீதமும் தொடாதவற்றை அனுப்பியவர்களிடம் நேரில் போய் உட்கார்ந்து, அடுத்த ஜாப்பை அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள்.